மூன்றாம் பேஸில் தடுமாற்றமா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழிமுறை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் சாலையின் இரு பக்கத்து ஊர்களிலிருந்தும் எங்களிடம் பேஸ்பால் பழக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரிக்கெட் ஆடியவர்கள். மாணவியரில் பலர் சாப்ட்பால் ஆடியவர்கள். இவர்களில் ஒருவரை மூன்றாம் பேஸில், அதாவது மட்டையாளர் ஓடிச் சுற்றிவரும் தளங்களில் மூன்றாவதில், நிறுத்தி, நாலைந்து பந்து நழுவியதும், "இவனுக்குக் கை சரியில்லை" என்று சொல்லி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது பயிற்சியாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மூன்றாம் பேஸில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை பந்து கைக்கு வருவதற்கு முன்பே, நிற்கும் இடத்திலும் காலடியிலும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் காலைப் பாருங்கள். கால் சரியாக இருந்தால் மட்டும் கைக்குப் போங்கள்.

வலக்கையால் எறிபவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இடக்கையால் எறிபவர் பந்தைப் பிடித்தபின் முதல் பேஸை நோக்கி உடலை நன்கு திருப்பிய பிறகே எறிய முடியும் என்பதால், அவரை இந்த இடத்தில் நிறுத்துவதில்லை. ஆனால் எழுதுவது, சாப்பிடுவது இவற்றில் இடக்கைப் பழக்கம் இருப்பது ஒரு தடையே அல்ல. 1960 முதல் 1975 வரை தொடர்ந்து 16 ஆண்டுகள் மூன்றாம் பேஸில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருதைப் பெற்ற பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் புரூக்ஸ் ராபின்சன் இயல்பில் இடக்கைக்காரர். பந்தை எறிந்தது வலக்கையால்.

முதலில் சில அளவுகள். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து மூன்றாம் பேஸ் 90 அடி, அதாவது 27.43 மீட்டர், கிரிக்கெட்டில் முப்பது கஜ வட்டத்தின் ஆரமும் சரியாக இதே அளவுதான். மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு 38.8 மீட்டர். சாப்ட்பாலில் பேஸ்களின் இடைவெளி 60 அடி என்பதால் இதே எறிதல் அங்கே 26 மீட்டருக்குள் முடிந்துவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து மூன்றாம் பேஸை எட்ட ஏறத்தாழ 0.8 வினாடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் கை, முதல் பேஸுக்குப் பந்தைச் சேர்க்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி எடுக்கும். அமெரிக்க மேஜர் லீக்கிலேயே வலக்கை மட்டையாளர் ஒருவர் முதல் பேஸை அடையச் சராசரியாக 4.3 வினாடி ஆகிறது. இந்தக் கணக்கின்படி, வேகமாக வந்த பந்தைத் தடுத்த பிறகும் கையில் இரண்டு வினாடி மீதம் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குத் தரையில் எழுதியே காட்டுங்கள். பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

அறிகுறி: பந்து பக்கவாட்டில் கடந்துபோன பிறகே ஆட்டக்காரர் அசைகிறார்

"பந்தைப் பார்" என்று கத்துவதால் இது தீராது. ஒரு கைபேசியை எடுத்து, முதல் பேஸ் பக்கமிருந்து அவருடைய பாதங்களை மெதுவோட்டத்தில் படம் பிடியுங்கள். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தியிருந்தாலோ, கைகள் முழங்கால்மேல் ஊன்றியிருந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. மட்டையாளருக்குப் பந்தெறியும் பிட்சர் கையைச் சுழற்றத் தொடங்கும்போது வலது, இடது என்று இரண்டு சிறு அடிகள் முன்னே வைத்து, பந்து மட்டையாளரை நெருங்கும் நேரத்தில் தரையிலிருந்து மிகச் சிறிதளவே எழும்பி, மட்டை படும் கணத்தில் இரண்டு முன்பாதங்களும் சமமாக இறங்கும்படி பழக்க வேண்டும். எழும்பும் உயரம் ஒரு விரல்கடைக்கு மேல் இருக்கக் கூடாது; உயரம் கூடினால் பந்து புறப்படும்போது ஆட்டக்காரர் காற்றில் இருப்பார்.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களிடம் இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. பந்துவீச்சாளருடன் சேர்ந்து உள்ளே நடந்துவரும் பழக்கத்தில், மட்டை படும்போதும் அவர்கள் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கவர் திசையில் அது உதவும். இங்கே இடப்பக்கமும் வலப்பக்கமும் பாய வேண்டியிருப்பதால் முன்னோக்கிய ஓட்டமே காலைக் கட்டிப்போடுகிறது. நடை அடி இரண்டோடு நிற்க வேண்டும்.

காலடி சரியாக இருந்தும் பந்து கடந்துபோகிறது என்றால் நிற்கும் இடம் தவறு. எறியும் வலு இருப்பவர் பேஸுக்குப் பின்னால் மூன்று, நான்கு அடிவைப்புத் தள்ளி, ஹோமிலிருந்து மூன்றாம் பேஸ் வழியே போகும் எல்லைக் கோட்டிலிருந்து உள்ளே மூன்று அடிவைப்பு நகர்ந்து நிற்கலாம். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஒரு ரன் முன்னிலையைக் காக்கும்போது, கோட்டை ஒட்டிப் போகும் பந்து இரண்டு பேஸைக் கொடுத்துவிடும் என்பதால், அப்போது கோட்டருகே நெருங்கி நிற்பது முறை. அதையே ஆட்டம் முழுவதும் செய்பவர் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) தமக்கும் இடையே பெரிய வாசலைத் திறந்து வைக்கிறார்.

அறிகுறி: பந்து கிளவுஸுக்கு அடியில் நுழைகிறது, அல்லது மணிக்கட்டில் பட்டுத் தெறிக்கிறது

இதுவே அதிகம் காணப்படும் குறை. இதற்குத்தான் பொறுமையாக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் கிளவுஸ் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். முழங்கால் உயரத்தில் காத்திருந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும் கிளவுஸ் எப்போதும் தாமதமாகவே இறங்கும். அது தரையில் விரல்நுனி உரசும்படி தொடங்கி, பந்து எழுந்தால் கூடவே எழ வேண்டும். கீழிருந்து மேலே போவது கைக்கு எளிது. மேலிருந்து கீழே இறங்குவது கடினம். கிளவுஸ் கால்களுக்கு நடுவே அல்லாமல், கண்ணால் பார்க்கக்கூடியபடி உடலுக்கு முன்னால், இடது பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். முழங்கை இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளவுஸ் பின்னுக்கு இழுபட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, பந்தை எந்தக் கட்டத்தில் சந்திக்கிறார் என்பது. தரையில் குத்தி எழும் பந்தைப் பிடிக்க இரண்டு நல்ல கட்டங்கள் உண்டு: குத்திய உடனே, அது எழத் தொடங்கும்போது, அல்லது எழும்பி உச்சிக்குப் போய் இறங்கும்போது. இரண்டுக்கும் இடைப்பட்ட, பந்து வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் கட்டத்தில்தான் அது மணிக்கட்டிலும் மார்பிலும் அடிக்கிறது. அந்தக் கட்டத்தில் சிக்கியவருக்குக் கை மெதுவாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஓரடி முன்னே வந்திருந்தால் குத்தும் இடத்திலேயே பிடித்திருப்பார், ஓரடி பின்னே போயிருந்தால் உச்சியில் பிடித்திருப்பார். எங்கள் பக்கத்துச் செம்மண் மைதானங்களில் இது இன்னும் முக்கியம். மழைக்குப் பின் மாடு நடந்த குளம்புத் தடங்கள் வெயிலில் இறுகிப்போய், பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடுகின்றன. ஆடத் தொடங்குமுன் மூன்றாம் பேஸைச் சுற்றிப் பத்தடிக்குத் தரையைக் காலால் தேய்த்து, சரளைக்கற்களைப் பொறுக்கிப் போடுவது ஆட்டக்காரரின் கடமை. கிரிக்கெட் பிட்ச்சின் சிமெண்டுத் திட்டு ஆடுகளத்துக்குள் வருமானால், அதன் விளிம்பில் பட்ட பந்து எப்படி எகிறுகிறது என்பதை நான்கு பந்து உருட்டிப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தடுக்கும் கிரிக்கெட் முறை. அதில் பந்து நிற்கும். எழுந்து எறிவதற்குள் ஓடுபவர் சேர்ந்துவிடுவார். முழங்கால் தரைக்கு வராமல், இடுப்பு தாழ்ந்து, கால்கள் தோளைவிட அகன்று நிற்கும் நிலையை, கிளவுஸ் இல்லாமல் டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துப் பழக வேண்டும். வெறும் கையால் பிடிக்கும்போது பந்தோடு சேர்ந்து கை பின்வாங்கக் கற்றுக்கொள்ளும். கெட்டியான கிளவுஸ் அந்தக் குறையை மறைத்துவிடும்.

கிளவுஸைப் பற்றியும் ஒரு சொல். இந்த இடத்துக்கு 11.75 முதல் 12 அங்குல அளவு பொருந்தும். பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில் கிடைக்கும் புதுக் கிளவுஸ் பலகை போல் விறைப்பாக இருந்தால், எத்தனை நல்ல காலடியும் வீண். உள்ளங்கைக் குழியில் பந்தை வைத்துக் கட்டி, சில நாள் விட்டு, பிறகு தினமும் பிடித்துப் பிடித்தே அதைப் பதப்படுத்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடினமான பந்து சில கையில் தங்காது. அப்போதுதான் மேலே சொன்ன இரண்டு வினாடிக் கணக்கு உதவுகிறது. வேகப் பந்து மார்பில் பட்டு முன்னால் விழுந்தால்கூட, எடுத்து எறிய நேரம் இருக்கிறது. பந்து விழுந்தவுடன் பதறி கிளவுஸால் வாரி எடுக்க முயல்பவரே அதை மறுபடி நழுவவிடுகிறார். வெறும் கையால், பந்தைத் தரையோடு அழுத்தி, ஒருமுறை பிடித்து எடுங்கள்.

அறிகுறி: நன்றாகப் பிடிக்கிறார், எறிதல் கெடுகிறது

எந்தப் பக்கம் கெடுகிறது என்பதைக் குறிக்காமல் திருத்த முயலாதீர்கள்.

பந்து வலப்பக்கமாக, அதாவது ஹோம் பிளேட் பக்கமாக விலகினால், இடது பாதம் இலக்குக் கோட்டுக்கு இடப்புறம் இறங்கி, உடல் முன்கூட்டியே திறந்துவிடுகிறது; கை பின்னாலிருந்து இழுபட்டு வருகிறது. மூன்றாம் பேஸிலிருந்து வரும் தவறான எறிதல்களில் மிக ஆபத்தானது இதுவே, ஏனென்றால் முதல் பேஸ் ஆட்டக்காரர் அந்தப் பந்தை எட்டிப் பிடிக்கப்போய் ஓடிவருபவரின் பாதையில் மாட்டிக்கொள்வார். இடது தோளும் இடது பாதமும் முதல் பேஸைச் சுட்டும்படி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழக்குங்கள். பந்தைத் தையலுக்குக் குறுக்காக, தையலின் அகன்ற வளைவில் இரண்டு விரலும் படியும்படி பிடித்து, கையை மேலிருந்து கொண்டுவந்தால், பக்கவாட்டில் வளையும் போக்கு குறையும்.

உயரே போனால், பிடித்த இடத்திலேயே நின்று எறிகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எடை வலது காலிலேயே தங்கிவிட, உடல் பின்னால் சாய்ந்து, பந்து மேலே கிளம்புகிறது. பிடித்ததும் வலது காலை இடது காலுக்கு முன்னே கொண்டுவந்து, ஒரு சிறு சறுக்கு அடி வைத்து, எடையை முன்னுக்குக் கடத்திய பிறகே எறிய வேண்டும். அதற்கு நேரம் இருக்கிறது.

தரையில் குத்தி முதல் பேஸ் ஆட்டக்காரரின் காலடியில் விழுந்தால், வலு போதவில்லை. சாப்ட்பாலிலிருந்து வந்த மாணவிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் 38.8 மீட்டர் அதிகம்தான். அதற்காகப் பந்தை வானத்துக்கு எறியச் சொல்லாதீர்கள். முதல் பேஸுக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் ஒரே ஒரு நீண்ட குத்து விழும்படி தாழ்வாக எறிவதே சிறந்தது. 1970 உலகத் தொடரின் (அமெரிக்க மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில், எதிரணியின் லீ மே அடித்த பந்தைப் பேஸுக்குப் பின்னால் பேக்ஹேண்டாகப் பிடித்த புரூக்ஸ் ராபின்சன், ஓடிய வேகம் கோட்டுக்கு வெளியே உள்ள ஃபவுல் பகுதிக்குக் கொண்டுபோய்விட்ட நிலையில், அங்கிருந்து ஒரே குத்தில் முதல் பேஸுக்கு அனுப்பி அவுட் ஆக்கினார். பலவீனத்தை மறைக்கும் தந்திரம் என்று அதை யாரும் சொல்லவில்லை. முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் அன்றைய எறிதலை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; கூடுதல் பயிற்சியால் அந்த வலி போகாது.

அறிகுறி: மெதுவாக உருளும் பந்திலும் பன்ட்டிலும் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடும் அடி) ஓடுபவர் எப்போதும் தப்புகிறார்

மேலே சொன்ன இரண்டு வினாடி இங்கே கிடையாது. பந்தே நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே நின்று பிடித்து, நின்று எறியும் முறை இதற்கு உதவாது. பந்தை நோக்கி முழு வேகத்தில் ஓடி, கடைசி மூன்று அடியில் அடிகளைச் சுருக்கி, இடது காலடியில் எடுத்து, அடுத்த வலது காலடியிலேயே எறிய வேண்டும். ஓட்டம் ஹோம் பக்கமாக இருப்பதால் பந்து வலப்பக்கம் விலகும். இலக்கை முதல் பேஸின் இடது ஓரத்தில் வைத்தால் பந்து நடுவுக்கு வந்து சேரும். வெறும் கையால் எடுப்பது நின்றுவிட்ட, அல்லது நிற்கப்போகிற பந்துக்கு மட்டுமே. துள்ளிவரும் பந்தை வெறும் கையால் எடுக்க ஆசைப்படுகிறவர் இரண்டில் ஒன்றை விடுவார்.

பன்ட் வருவதை முன்கூட்டியே அறிய மட்டையாளரின் இரு கைகளில் மட்டையை மேலே பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். அது மட்டையின் தண்டில் மேலே நழுவத் தொடங்கியதும் நீங்கள் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பன்ட் ஃபவுலானால் மட்டையாளர் அவுட் என்பதால், அப்போது பெரும்பாலும் பன்ட் வராது. வழக்கமான இடத்துக்குப் பின்வாங்கிக்கொள்ளலாம். முதல், இரண்டாம் பேஸ்களில் ஓடுபவர்கள் இருந்தால், பந்தை எடுப்பது பிட்சரா நீங்களா என்பதை ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கண்சாடையால் முடிவு செய்துகொள்ளுங்கள். இருவரும் ஓடினால் பேஸில் ஆள் இருக்காது.

கோட்டை ஒட்டி உருளும் பந்து தனிப் பாடம். ஆட்டத்துக்கு முன் ஹோமிலிருந்து கோட்டின்மேல் ஐந்தாறு பந்தை மெல்ல உருட்டிவிட்டு, அவை உள்ளே வழிகின்றனவா வெளியே வழிகின்றனவா என்று பாருங்கள். மழைநீர் வடியச் சாய்வு வைத்த மைதானங்களில் இது ஒரு பக்கமாகவே போகும். வெளியே வழியும் மைதானமாக இருந்து, ஓடுபவரை எப்படியும் பிடிக்க முடியாது என்று தெரிந்தால், பந்தைத் தொடாமல் கூடவே நடந்து, அது கோட்டைத் தாண்டிய கணத்தில் கையால் தொட்டுவிட வேண்டும்; அது ஃபவுல். கோடு ஆட்டப் பகுதியைச் சேர்ந்தது என்பதையும், நடுவர் பார்ப்பது பந்து இருக்கும் இடத்தையே, உங்கள் பாதம் இருக்கும் இடத்தை அல்ல என்பதையும், பந்து பேஸில் பட்டுவிட்டால் அது ஃபவுல் ஆகாது என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: உயரப் பந்து இருவருக்கு நடுவே விழுகிறது

உரிமை யாருக்கு என்பது முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் கூப்பிட்டால் மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரும் பிட்சரும் விலக வேண்டும். ஷார்ட்ஸ்டாப் கூப்பிட்டால் மூன்றாம் பேஸ் விலக வேண்டும். வெளிக்களத்திலிருந்து ஓடிவருபவர் கூப்பிட்டால் இருவருமே விலக வேண்டும். ஒரே சொல்லை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் பொள்ளாச்சிப் பிள்ளைகள் "எனக்கு" என்றும் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் "எனிக்கு" என்றும் கூப்பிடுகிறார்கள். அதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. இருவரும் சும்மா இருப்பதால் வரும் குழப்பமே பெரிது.

கூப்பிட்டும் பந்து தவறினால் காற்றைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்றும், கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து திரும்பி வீசும் காற்றும் உயரப் பந்தைப் பல அடி தள்ளிவிடும். தரையில் காற்றே இல்லாதது போலிருக்கும்; மைதானத்தின் ஓரத்துத் தென்னையில் உச்சிக் கீற்றுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு இன்னிங்ஸின் தொடக்கத்திலும் அந்த உச்சியை ஒரு முறை பார்த்துவிட்டு நிற்கப் பழக்குங்கள். இதோடு, ஃபவுல் பகுதியில் எழும் பந்து அதன் சுழற்சியால் ஆடுகளத்தை நோக்கித் திரும்பி வரும் என்பதால், அதன் அடியில் நேராகப் போய் நிற்காமல், அரை அடி உட்பக்கம் விட்டு நிற்பது நல்லது.

அறிகுறி: பந்து முன்னதாக வந்தும் ஓடுபவர் பேஸில் தப்புகிறார்

ஓடுபவரைத் தேடிக் கிளவுஸை நீட்டுகிறார் என்பதே காரணம். பேஸின் இருபுறமும் கால் வைத்து நின்று, பந்தைப் பிடித்ததும் கிளவுஸைப் பேஸின் முன் விளிம்பில் நேராக இறக்குங்கள்; சறுக்கி வரும் கால் தானாக வந்து அதில் படும். பந்து கையில் இல்லாமலும், அதைப் பிடிக்கும் செயலில் இல்லாமலும் பாதையை மறித்தால் அது விதிமீறல். முதல், இரண்டாம் பேஸ்களில் ஆள் இருக்கும்போது தரைப்பந்தைப் பிடித்தால், தொடாமல் பேஸை மிதித்தாலே இரண்டாம் பேஸிலிருந்து வருபவர் அவுட். இரண்டாம் பேஸில் மட்டும் ஆள் இருந்தால் அவரைத் தொட்டே தீர வேண்டும். இந்த வேறுபாட்டைப் பந்து வருமுன் மனத்தில் சொல்லிக்கொள்ளாதவர் பேஸை மிதித்துவிட்டு நிம்மதியாக நிற்பார்.

அறிகுறி: இடது வெளிக்களத்திலிருந்து ஹோமுக்கு வரும் எறிதல் வீணாகிறது

இரண்டாம் பேஸில் ஆள் இருக்க, இடப்பக்கம் பந்து அடிக்கப்பட்டால், மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் பேஸை ஷார்ட்ஸ்டாப்பிடம் விட்டுவிட்டு, எறிபவருக்கும் ஹோமுக்கும் நடுவே நேர்க்கோட்டில் போய் நிற்க வேண்டும். அவர் பேஸிலேயே நின்றுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

அறிகுறி: பயிற்சியில் எல்லாம் சரி, ஆட்டத்தில் மட்டும் கெடுகிறது

இதைப் பயம் என்று சொல்லிவிடுவதற்கு முன் உங்கள் பயிற்சியைப் பாருங்கள். கையால் உருட்டிவிட்ட பந்து எப்போது வரும், எங்கே வரும் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால் முதல் அறிகுறியில் சொன்ன காலடித் தயாரிப்பு அங்கே தேவைப்படுவதே இல்லை. மட்டையிலிருந்து, ஹோம் பிளேட்டிலிருந்து, முதல் பேஸுக்கு ஒருவரை உண்மையாகவே ஓடவிட்டு, பன்ட்டையும் வேகப் பந்தையும் முன்னறிவிப்பில்லாமல் கலந்து அடியுங்கள். பிடித்தாரா விட்டாரா என்று எழுதாமல், தாமதமாகப் புறப்பட்டார், ஏறும் பந்தில் மாட்டினார், வலப்பக்கம் எறிந்தார் என்று அறிகுறியின் பெயரால் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். இரண்டு வாரம் கழித்து எந்த வரி அதிகம் வந்திருக்கிறதோ, அடுத்த இரண்டு வாரம் அந்தக் குறையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள்.